மணலைத் தொடாம மணல்ல இருந்து எப்படிங்க வெளிய வர்றது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட வந்த இணைப்புல "பதுங்குகுழியில் சிக்கினால் பதறாதீர்கள்"னு ஒரு துணுக்கு போட்டிருந்தீங்க. தலைப்ப பாத்துட்டு என் வீட்டுக்காரம்மா எல்லையில ஏதோ ஆயிடுச்சு போலன்னு டிவிய போட்டாங்க, நான் பேப்பர வாங்கி முழுசா படிச்சா அது கோல்ஃப் விஷயம். பங்கர், அதாவது கோல்ஃப் மைதானத்துல இருக்கற மணல் குழி, அத தான் பதுங்குகுழி ஆக்கியிருக்கீங்க. சரி அது போகட்டும், டிக்‌ஷனரில அப்படித்தான் இருக்கும், மொழிபெயர்த்தவர் மேல எனக்கு கோவம் இல்ல. ஆனா மூணாவது பத்தில ஒரு வரி வருது பாருங்க, "மணலைத் தொடாமல் பந்தை மட்டும் சுத்தமாக அடித்து வெளியேற்ற வேண்டும்"னு. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு பெரிய லெட்டர் எழுதறேன், ஏன்னா அந்த வரிய நம்பி நாலு வருஷம் நாசமா போனவன் நான். உங்க பேப்பர்ல படிச்சு இல்ல, வேற ஒருத்தர் வாயால கேட்டு. ஆனா வரி அதே வரி.

நான் காட்பாடிக்காரன். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனில 26 வருஷம் வேலை பாத்துட்டு இப்ப வீட்ல இருக்கேன். நம்ம ஊர பத்தி எல்லாருக்கும் தெரிஞ்ச கேலி ஒண்ணு இருக்கே, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை, தண்ணி இல்லாத ஆறுன்னு, அந்த லிஸ்ட்ல மைதானம் இல்லாத கோல்ஃப்காரன்னு என்னையும் சேத்துக்கலாம். வெளிநாட்டு பையருங்க, அதாவது எங்க ஷூவ வாங்கற கம்பெனிக்காரங்க, வந்தா ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு கோல்ஃப் ஆடணும், கூட ஒரு ஆளு போகணும், மேனேஜ்மென்ட்ல என்னைய தள்ளி விட்டாங்க. அப்படி கத்துக்கிட்டதுதான். மெட்ராஸ் போக ரெண்டரை மூணு மணி நேரம், பெங்களூருக்கு அதுக்கும் மேல, மாசத்துக்கு ஒரு தடவை ஆடினாலே பெரிய விஷயம். அதனால பயிற்சின்னு ஒண்ணு கிடையாது, அங்கங்க காதுல விழுந்தத வெச்சு ஓட்டறதுதான்.

ஒரு தடவை சென்னையில ஒரு கோர்ஸ்ல, கம்பெனிக்கு ரொம்ப முக்கியமான பையர் ஒருத்தரோட ஆடிக்கிட்டிருக்கேன். பந்து க்ரீன் ஓரத்துல (க்ரீன்னா கொடி நட்ட குழிய சுத்தி இருக்கற வழவழப்பான புல்தரை) இருக்கற பங்கர்ல விழுந்துடுச்சு. கொடி என்னமோ பத்து பன்னண்டு மீட்டர்லதான் நிக்குது. பந்த மட்டும் சுத்தமா எடுக்கணும்னு மனசுல சொல்லிக்கிட்டு அடிச்சேன், பந்தோட மண்டையில பட்டு நேரா எதிர் சுவத்துல மோதி என் கால்கிட்டயே வந்து நின்னுது. ரெண்டாவது அடி அதே கதை. மூணாவதுல பயந்துகிட்டு மெதுவா அடிச்சேன், கிளப்பு, அதான் கோல்ஃப் மட்டை, மணல்ல சொருகி நின்னுடுச்சு, பந்து ரெண்டு இன்ச் நகந்துச்சு. நாலாவது சுவத்து மேல ஏறி திரும்பி உருண்டு வந்துச்சு. அஞ்சாவது அடி எப்படி வெளிய போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது, போச்சு, ஆனா க்ரீன தாண்டி அந்தப் பக்கத்து பங்கர்ல போய் விழுந்துச்சு. அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லல சார். ரேக்க எடுத்து நான் உழுது வெச்சிருந்த இடத்த அவரே சமன் பண்ணிக்கிட்டு இருந்தாரு. திட்டியிருந்தா கூட தாங்கியிருப்பேன்.

இப்ப உங்க துணுக்குக்கு வர்றேன். இந்த "மணலைத் தொடாமல்" எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிச்சு பாத்தேன். ரெண்டு வேற வேற விஷயத்த யாரோ ஒண்ணா பெசஞ்சுட்டாங்கன்னு தோணுது.

ஒண்ணு, ரூல். பங்கர்ல பந்து கிடந்தா, அடிக்கறதுக்கு முன்னாடி கையாலயோ கிளப்பாலயோ ரேக்காலயோ மணல தொட்டு அது கெட்டியா பொலபொலன்னு இருக்கான்னு சோதிக்கக் கூடாது, பந்துக்கு முன்னாடி பின்னாடி இருக்கற மணல்ல கிளப்ப வெக்கக் கூடாது, ஒத்திகை ஸ்விங்ல மணல தட்டக் கூடாது, பின்னால தூக்கும்போதும் உரசக் கூடாது. பட்டா ஸ்ட்ரோக் ப்ளேல, அதாவது மொத்த அடிய எண்ணி ஜெயிச்சவர முடிவு பண்ற ஆட்டத்துல, ரெண்டு அடி அபராதம். டஸ்டின் ஜான்சன்னு அமெரிக்க ஆட்டக்காரர், 2010 பிஜிஏ சாம்பியன்ஷிப்ல கடைசி நாள் கடைசி ஹோல்ல, ஜனங்க நடந்து மிதிச்சு கிடந்த மண்ணு மேல நின்னு அது பங்கர்ன்னே தெரியாம கிளப்ப கீழ வெச்சுட்டாரு, ரெண்டு அடி போட்டாங்க, சமமா முடிச்சவங்களுக்குள்ள நடக்கற பிளே-ஆஃப்ல ஆட வேண்டியவரு மூட்டை கட்டிக்கிட்டு போனாரு. அவ்வளவு கறாரான ரூல். ஆனா இது எல்லாமே அடிக்கறதுக்கு முன்னாடி வரைக்கும்தான். அடிக்கும்போது மணல அள்ளி வீசினாலும் யாரும் கேக்க மாட்டாங்க. காலை மணல்ல நல்லா புதைச்சு ஊன்றி நிக்கறதுக்கும் அனுமதி உண்டு, அப்படி நிக்கும்போதே பாதத்துக்கு கீழ மணல் எவ்வளவு ஆழம், ஈரமா காய்ஞ்சதான்னு தெரிஞ்சுடும். அந்த சோதனைக்கு அபராதம் இல்ல.

ரெண்டாவது, ஃபேர்வே பங்கர். அது க்ரீன்ல இருந்து ரொம்ப தூரத்துல, நூறு நூத்தம்பது மீட்டருக்கு முன்னாடி இருக்கற மணல் குழி. அங்க பந்த தூரமா அனுப்பணும், அதனால பந்துலதான் முதல்ல படணும், மணலு பின்னாடிதான். வழக்கத்த விட ஒரு படி நீளமான கிளப்பா எடுத்து, கால ரொம்ப புதைக்காம, கைப்பிடில கொஞ்சம் கீழ இறக்கி பிடிச்சு, உடம்ப ஆட்டாம சுத்தமா அடிக்கணும். உங்க துணுக்குல இருக்கற வரி அந்த எடத்துக்கு ஏறக்குறைய சரி. ஆனா நீங்க போட்டிருந்த படம் க்ரீன் ஓரத்து பங்கரு, பக்கத்துலயே கொடி தெரியுது! வைத்தியம் சரிதான், நோயாளிதான் மாறிட்டான்.

க்ரீன் ஓரத்து பங்கர்ல விஷயமே தலைகீழ். அங்க பந்த அடிக்கவே கூடாது. மணல அடிக்கணும். பந்துக்கு பின்னாடி ஒரு ரெண்டு இன்ச்ல கிளப்பு மணலுக்குள்ள போய், பந்துக்கு அடியில வழுக்கி, முன்னாடி வெளிய வரணும். கிளப்பு பந்த தொடறதே இல்ல, நடுவுல இருக்கற மணலு பந்த தூக்கிக்கிட்டு போய் க்ரீன்ல போடுது. கோல்ஃப்ல பந்த வேணும்னே அடிக்காம விடற அடி எனக்கு தெரிஞ்சு இது ஒண்ணுதான், அதனாலதான் புதுசா ஆடறவனுக்கு இது நம்பவே முடியாது. நாலு வருஷம் எனக்கும் நம்ப முடியல.

இது எப்படி வேலை செய்யுதுன்னா, சாண்ட் வெட்ஜ்னு ஒரு கிளப்பு இருக்கு, பந்த பாக்கற அதோட முகத்துல பெரும்பாலும் 54ல இருந்து 58 டிகிரி வரைக்கும் சாய்வு இருக்கும். அத தலைகீழா திருப்பி அடிப்பாகத்த பாத்தீங்கன்னா, முன் விளிம்ப விட பின் பக்கம் தாழ்ந்து புடைச்சிட்டு இருக்கும். அதுக்கு பேரு பவுன்ஸ். என்கிட்ட இருக்கறது 56 டிகிரி, 12 டிகிரி பவுன்ஸ். இது எதுக்குன்னு எனக்கு எங்க வீட்டு சமையல்கட்டுலதான் புரிஞ்சுது. தோசைக் கல்லுல மாவ ஊத்தி தேய்க்கற கரண்டி இருக்கு பாருங்க, அதோட அடி உருண்டையா இருக்கறதால மாவு மேல வழுக்கிக்கிட்டே போகும், கல்ல சுரண்டாது. அதே தோசைத் திருப்பிய எடுத்து தேய்ச்சு பாருங்க, விளிம்பு குத்தி மாவ வழிச்சுக்கிட்டு வந்துடும். கிளப்போட முகத்த கொஞ்சம் வானத்த பாக்க திறந்து வெச்சா கரண்டி, மூடி வெச்சா திருப்பி. நான் நாலு வருஷமா தோசைத் திருப்பியால மாவு தேய்ச்சிருக்கேன். இத வீட்ல சொன்னதுக்கு "அந்த கரண்டிய வெளிய எடுத்துகினு போயிடாதீங்க"ன்னாங்க.

இந்த புடைப்பு ஆரம்பத்துல கிடையாதாம். ஜீன் சாரசென்னு ஒரு அமெரிக்க ஆட்டக்காரர், பங்கர்ல கஷ்டப்பட்டவருதான் அவரும், அந்தக் காலத்து மெல்லிசான கிளப்போட அடியில ஈயத்த உருக்கி ஒட்டி ஒட்டி அராவி இந்த ஷேப்புக்கு கொண்டு வந்தாரு. ஏரோப்ளேன்ல போகும்போது வாலு பக்கத்து இறக்கை அசையறத பாத்து யோசனை வந்துச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. அந்த கிளப்ப வெச்சு 1932ல பிரிட்டிஷ் ஓபன் ஜெயிச்சாரு, ஜெயிச்ச ஊரு பேரு சாண்ட்விச், அதுலயும் சாண்டு இருக்கு பாருங்க.

சரி நான் எப்படி கத்துக்கிட்டேன்னு சொல்றேன், இதுதான் உங்க வாசகருங்களுக்கு பிரயோஜனப்படும்னு நினைக்கறேன், ஏன்னா வேலூர் மாவட்டத்துல கோல்ஃப் கோர்ஸ் இல்லன்னு மூக்க சிந்திக்கிட்டு உக்காந்திருந்தவன் நான்.

ரெண்டு வருஷம் முன்னாடி மாடில ஒரு ரூம் எடுத்தோம். வேலை முடிஞ்சப்ப எம்-சாண்ட் அரை யூனிட் மிச்சம். காம்பவுண்டு சுவரு பூச்சு பாக்கி இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்னு பின் பக்கம் கொட்டி வெச்சோம். அரை யூனிட்டுன்னா 50 கன அடி, பத்துக்கு பத்து எடத்துல பரப்பினா அரை அடி உயரம் வரும், கோல்ஃப் கோர்ஸ்ல பங்கர் தரையில போடற மணலும் நாலுல இருந்து ஆறு இன்ச்தான். கணக்கு போட்டு பாத்தப்ப எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. வீட்டுக்கு பின்னாடியே பங்கர வெச்சிக்கிட்டு மெட்ராசுக்கு பெட்ரோல் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

எம்-சாண்டுக்கு முன்னாடி ஒரு தடவை பாலாத்துலயே முயற்சி பண்ணேன், அதயும் சொல்லிடறேன். விடியக்காலையில விருதம்பட்டு பக்கம் இறங்கி கிளப்ப எடுத்துக்கிட்டு நின்னா, மாடு ஓட்டிக்கிட்டு வந்த பெரியவரு ஒருத்தரு "இன்னா நைனா, மணலு அள்ளவா? வண்டி எங்க கீது?"ன்னு கேட்டாரு. இல்ல தாத்தா விளையாட்டுன்னேன். மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்துட்டு போயிட்டாரு. முள்ளு, பாட்டில் துண்டு, இதுல எவனாவது போலீசுக்கு போன் பண்ணிட்டான்னா மணல் கேசுல உள்ள போகணும், அதோட விட்டேன். ஆனா ஒண்ணு கவனிச்சேன். ஆத்து மணலு தண்ணில உருண்டு உருண்டு மொழமொழன்னு ஆயிடுது, ஒண்ணு மேல ஒண்ணு நிக்காது, பந்து மேல இருந்து விழுந்தா பாதி உள்ள போயிடும். எம்-சாண்டு கல்ல ஒடைச்சு எடுக்கறது, மூலை மூலையா இருக்கறதால ஒண்ண ஒண்ணு பிடிச்சிக்கும், பந்து மேல நிக்கும். கோர்ஸ்ல எந்த மணல போடறதுன்னு இதயெல்லாம் பாத்துதான் முடிவு பண்றாங்க. அதனால புது கோர்ஸ்ல ஆட போனா மொதல்ல மத்தவங்க பந்து பங்கர்ல விழும்போது எவ்வளவு புதையுதுன்னு பாத்து வெச்சுக்கறது நல்லது.

வீட்ல முதல் வாரம் பெருசா ஒண்ணும் நடக்கல. ஒரு பந்து பக்கத்து வீட்டு தண்ணி டேங்குல டமார்னு பட்டுச்சு, அந்த அம்மா "இன்னாண்ணா, இந்த வயசுலயா"ன்னு கேட்டாங்க, அப்புறம் பையனோட பழைய கிரிக்கெட் நெட்ட கட்டினேன். அடிச்சா மணலு சொருகும், இல்ல பந்து தலையில படும், அதே கதைதான். மணலு வந்துடுச்சு, அறிவு வரல.

அப்ப மாடி பாத்ரூம் ரிப்பேருக்கு மேஸ்திரி வந்திருந்தாரு, கூட ஒரு சித்தாளு அம்மா. அந்த அம்மா சல்லடைய சாய்ச்சு நிக்க வெச்சு மணல சலிச்சிக்கிட்டு இருந்தாங்க. நான் ஒரு பக்கம் கிளப்போட முட்டிக்கிட்டு நிக்கறேன், மேஸ்திரி பீடிய அணைச்சுட்டு சொன்னாரு, "சார், நீ குத்தற. குத்தினா உள்ளதான் போவும். அந்தம்மா வீசுது பாரு, மம்மட்டி நிக்கவே நிக்காது, மணலு சல்லடையாண்ட போற வரிக்கும் கையி கூட போவுது". நின்னு பாத்தேன். நெஜமாவே அப்படித்தான் சார். மம்மட்டி மணலுக்குள்ள ஆழமா இறங்கல, மேலாக்கா வழிச்சிக்கிட்டு போகுது, இடுப்பு திரும்புது, கை ரெண்டும் முன்னாடி தோள் உயரம் வரைக்கும் போகுது, மணலு கலையாம ஒரு தோசை மாதிரி பறந்து போய் சல்லடையில விழுது. பலமே போட்ட மாதிரி தெரியல. நிறுத்தாததுதான் விஷயம். நான் பண்ணிக்கிட்டிருந்தது என்னன்னா, கிளப்பு மணல்ல பட்ட உடனே வேலை முடிஞ்சுதுன்னு நிறுத்திடறேன், அது அங்கயே நட்டுக்குது.

அன்னிக்கு சாயங்காலம் பந்தே வெக்கல. ஒரு குச்சியால மணல்ல நீளமா ஒரு கோடு போட்டேன், கோட்ட ரெண்டு காலுக்கும் நடுவுல கொஞ்சம் முன்னாடி வர்ற மாதிரி நின்னு, கோட்டு மேல கிளப்பு எறங்கற மாதிரி வீசிக்கிட்டே ஒரு அடி ஒரு அடியா நகந்து போறது. கடைசில திரும்பி பாத்தா உங்க வண்டவாளம் பூரா மணல்ல எழுதியிருக்கும். முதல் நாள் என் குழிங்க பாதி கோட்டுக்கு பின்னாடி நாலு இன்ச்ல இருந்துச்சு, சிலது கோட்டுக்கு முன்னாடி, ஒண்ணு கெணறு மாதிரி ஆழம், ஒண்ணு சும்மா கீறல். பத்து நாள் இதேதான். பந்து இல்லாததால மனசுல பயம் இல்ல, இதுல பெரிய லாபமே அதுதான்.

குழி எவ்வளவு பெருசு இருக்கணும்னு அளவுக்கு ஒரு ஐநூறு ரூபா நோட்ட மனசுல வெச்சுக்குங்க. இப்ப இருக்கற நோட்டு 15 சென்டிமீட்டர் நீளம், ஆறரை சென்டிமீட்டர் அகலம். அத மணல்ல விரிச்சு நடு மையத்துல பந்து இருக்கற மாதிரி நினைச்சுக்கிட்டு, நோட்டோட பின் ஓரத்துல நுழைஞ்சு முன் ஓரத்துல வெளிய வந்து அந்த நோட்ட அப்படியே மணலோட க்ரீனுக்கு அனுப்பணும். பந்து நாலேகால் சென்டிமீட்டர் விட்டம்தான், அதனால முன்னாடி பின்னாடி அஞ்சு அஞ்சு சென்டிமீட்டர் மணலு இருக்கு. ஒரு இன்ச் தப்பினாலும் பந்து வெளிய வந்துடும். இத புரிஞ்சிக்கிட்டப்பதான் எனக்கு கை நடுக்கம் நின்னுச்சு. புல்லு மேல கால் இன்ச் தப்பினா காரியம் கெட்டுடும், மணல்ல ஒரு இன்ச் வரைக்கும் மன்னிப்பு இருக்கு, நாமதான் மணல எதிரியா நினைச்சுக்கிட்டு இருக்கோம்.

நிக்கற விதம், வலது கைக்காரங்களுக்கு சொல்றேன். பந்து இடது குதிகாலுக்கு நேரா. கால் கொஞ்சம் அகலமா, முட்டி நல்லா மடங்கி, உடம்பு பாரம் இடது கால்ல கொஞ்சம் அதிகம், அடிக்கற நேரத்துலயும் அது அங்கயே இருக்கணும், வலது காலுக்கு சாஞ்சு பந்த மேல தூக்கி விடப் பாத்தீங்கன்னா முடிஞ்சுது. கிளப்பு முகத்த மொதல்ல திறந்துட்டு அப்புறம் பிடிக்கணும், பிடிச்சுட்டு மணிக்கட்ட திருப்பி திறந்தா அடிக்கும்போது அது பழையபடி மூடிக்கும். இந்த வரிசை மாத்தறதுதான் நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசி பேரு பண்ற தப்பு. முகம் திறந்தா பந்து வலது பக்கம் போகும், அதுக்கு ஈடா உடம்ப கொஞ்சம் இடது பக்கம் பாக்க நிக்கணும். கண்ணு பந்த பாக்கக் கூடாது, பந்துக்கு பின்னாடி ரெண்டு இன்ச்ல ஒரு மணல் பருக்கைய பாக்கணும்.

பலம் எவ்வளவுன்னா, பத்து மீட்டர் போகணும்னா புல்லுல முப்பது மீட்டருக்கு வீசற அளவு வீசுங்க, நடுவுல மணல் மெத்தை இருக்கறதால. இத கேட்டாலே கை கூசும், கொடி பக்கத்துல நிக்குதே இவ்வளவு பலமா வீசறதான்னு. கூசின கையாலதான் மூணாவது அடி சொருகிச்சு எனக்கு. தூரத்த கூட்ட குறைக்க, பின்னால தூக்கறத மாத்தாம முன்னாடி எவ்வளவு தூரம் கை போகுதுங்கறத மாத்தறேன் நான், கிட்டன்னா நெஞ்சு உயரம், தூரம்னா தோளுக்கு மேல. சரியா பட்டா டப்புன்னு ஒரு சத்தம் வரும், தலகாணிய தட்டற மாதிரி. கிளிக்குன்னு கேட்டா பந்துல பட்டுடுச்சு, யாராவது வீட்டு ஜன்னல பாத்துக்குங்க.

மழை பேஞ்சு மணல் இறுகி கிடந்தா மட்டும் கொஞ்சம் மாத்தணும். எங்க வீட்டு எம்-சாண்டு ஐப்பசி மழைக்கு அப்புறம் மேல ஒரு ஓடு மாதிரி கட்டிக்கிச்சு, அதுல முகத்த அகலமா திறந்து அடிச்சா அந்த புடைப்பு மணலுக்குள்ள போகாம மேல பட்டு எகிறி நேரா பந்து வயித்துல குத்துது. அப்ப முகத்த கொஞ்சமா திறந்தா போதும், பவுன்ஸ் கம்மியான வெட்ஜ் இருந்தா இன்னும் நல்லது, பந்தும் வேகமா வரும் அதனால பலத்த குறைக்கணும். இதுக்கு நேர் எதிர், பந்து பாதி புதைஞ்சு சுத்தி ஒரு வளையம் கட்டி கிடக்கும், வெளிநாட்டுக்காரன் ஃப்ரைடு எக்குங்கறான், நம்ம பாஷையில ஆஃபாயில். அங்க கரண்டி வேலைக்கு ஆகாது, தோசைத் திருப்பிதான் வேணும், முகத்த மூடி, அந்த வளையத்தோட பின் ஓரத்துல ஆழமா குத்தணும். பந்து வெளிய வரும், ஆனா சுழற்சி இருக்காது, உருண்டு ஓடும், அதுக்கு எடம் விட்டு குறி வெக்கணும். ஆஃபாயில்ல கொடி பக்கத்துல நிறுத்தணும்னு ஆசைப்படாதீங்க, க்ரீன்ல வந்தா சாமிக்கு ஒரு தேங்கா உடைங்க.

இன்னும் ஒண்ணு, உங்க துணுக்குல பங்கர்ல கிடக்கற இலை குச்சிய எடுத்தா அபராதம்னு போட்டிருக்கு. அது பழைய ரூல். 2019ல இருந்து எடுக்கலாம், பந்து மட்டும் அசையாம பாத்துக்கணும். அதே வருஷம்தான் இன்னொரு வழியும் வந்துச்சு, பங்கர்ல அடிக்கவே முடியாத எடத்துல மாட்டிக்கிட்டா ரெண்டு அடி அபராதம் கட்டிட்டு கொடிக்கும் பந்துக்கும் நேர் கோட்டுல பின்னாடி பங்கருக்கு வெளிய பந்த போட்டுக்கலாம். சென்னையில அன்னிக்கு இந்த வழி இருந்திருந்தா அஞ்சு அடிக்கு பதிலா ரெண்டோட மானம் காப்பாத்தியிருப்பேன்.

அஞ்சு அடிக்கு நான் வெக்கப்பட்டது போதும்னு ஒரு நாள் தோணுச்சு, 1978 பிரிட்டிஷ் ஓபன்ல ஜப்பான் ஆட்டக்காரர் டாமி நகாஜிமா செயின்ட் ஆண்ட்ரூஸ்ல பதினேழாவது ஹோல் பங்கர்ல மாட்டி வெளிய வர நாலு அடி எடுத்து, அந்த ஒரு ஹோல்ல மட்டும் ஒம்பது அடிச்சாருன்னு படிச்சப்ப. அவரு உலகத் தரத்து ஆட்டக்காரர். அந்த பங்கருக்கு அவரு பேரையே கிண்டலா வெச்சுட்டாங்க. எங்க வீட்டு பின் பக்கத்துக்கு என் பேர வெக்க யாரும் இல்ல, அது ஒரு நிம்மதி.

கோல்ஃப் பத்தி தமிழ்ல எழுதறதே அபூர்வம், நீங்க எழுதினதுக்கு நன்றிதான் சொல்லணும். நம்ம நாட்டு கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்ல நாலாவது வந்த காலைல எங்க தெருமுனை டீக்கடையில கூட போகி பேர்டின்னு என்னமோ பேசிக்கிட்டு இருந்தாங்க, படிக்கறதுக்கு ஆளு இருக்கு. அதனாலதான் தப்பா போகக் கூடாதுங்கறேன். அடுத்த ஞாயிறு ஒரு சின்ன திருத்தம், க்ரீன் ஓரத்து மணல் குழில பந்த இல்ல மணலத்தான் அடிக்கணும்னு, ரெண்டு வரி போதும். பதுங்குகுழிய வேணும்னா அப்படியே விட்டுக்குங்க.

சீக்கிரமா போட்டீங்கன்னா நல்லது. காம்பவுண்டு சுவத்து பூச்சு தை மாசம் வெச்சிருக்கோம், மணலு அதோட காலி. மேஸ்திரிகிட்ட உங்க துணுக்க படிச்சு காட்டினேன், "மணல தொடாமயா? எழுதினவரு சித்தாளு வேலை பாத்ததில்ல போல"ன்னாரு. ஓரமா நாலு சட்டி மட்டும் விட்டு வெக்கறேன்னு சொல்லியிருக்காரு, திருத்தம் வந்த பேப்பர அவருக்கு ஒண்ணு வாங்கித் தரணுமாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஷூ கம்பெனி ஊழியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்